அச்சும் கையும் எழுத்தும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பாகத் தொடங்கிய இக்கழகம் இன்று வெள்ளிவிழாக் காண்கிறது. அத்திண்ணையில் படித்தவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் துறைமுக ஊழியர்களாகவும் இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கின்றனர். கல்வியும் வேலைவாய்ப்பும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் பேச வந்திருப்பதோ திரைப்படங்களுக்கும் நாடகங்களுக்கும் செய்யப்படும் தலைக்கவசத்தைப் பற்றி! தலைமையாசிரியர் தலைப்பை மறந்துவிட்டார் போலும் என்று நீங்கள் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறேன். இதில் என் பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1999ஆம் ஆண்டு, நான் உதவி ஆசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில் ஆண்டுவிழா நடைபெற்றது. கொற்கைப் பாண்டியனின் அவையைக் காட்டும் நாடகம் ஒன்றை நான் எழுதியிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் படித்த, உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன், ஒரு மணிமுடியும் ஆறு தலைக்கவசங்களும் செய்து கொண்டுவந்தான். மண்பானையைக் கவிழ்த்து, அதன்மேல் தேங்காயெண்ணெய் தடவி, பழைய செய்தித்தாளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்து ஏழு அடுக்கு ஒட்டி வெயிலில் உலர்த்தினானாம். பானையின் வயிறு அகலம், கழுத்து குறுகல். ஆதலால் காய்ந்த கூடு கழன்று வரவில்லை. முதற் பானையை உடைத்து எடுத்தான். வீட்டில் அடி வாங்கினான். அடுத்த முறை கூட்டை உச்சியிலிருந்து இருபுறமும் அறுத்து, முன்பாதி பின்பாதி என இரண்டாகக் கழற்றி, மீண்டும் சேர்த்து ஒட்டினான். ஒட்டிய தழும்பு தெரியாதிருக்க அதன்மேல் ஓர் அட்டைப் பட்டையைப் பதித்துத் தங்கநிறத் தாள் சுற்றினான். பார்த்தவர்கள் அப்பட்டையை அணிகலன் என்றே கருதினர்.

விழாவில் நடித்தவர்களுக்குப் பரிசு கிடைத்தது. நாடகம் எழுதிய எனக்குப் பொன்னாடை கிடைத்தது. கவசம் செய்தவனின் பெயர் மேடையில் வாசிக்கப்படவே இல்லை. வாசிப்பதற்கான பட்டியலை எழுதியவன் நானே. அதோடு நின்றேனா? மறுவாரம் கணக்குத் தேர்வுத்தாளை அவன் கையில் கொடுக்கும்போது, "பொம்மை செய்து பிழைக்கப் போகிறாயா?" என்று வகுப்பறையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த மாதம் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. உப்பளத்திற்குச் சென்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். தேடிச் சென்று அழைத்து வரவேண்டிய கடமை எனக்கு இருந்தது. நான் செல்லவில்லை.

நம் வீடுகளில் பெரியவர்கள் கைவேலையைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. இன்னார் இன்ன வேலைதான் செய்யவேண்டும் என்று பிறப்பை வைத்து நம் முன்னோர் கையில் வேலையைத் திணித்தார்கள். அதிலிருந்து நம்மை மீட்டது புத்தகம். ஆகவே பிள்ளையின் கையில் மண்ணைக் கண்டால் தாயின் வயிறு கலங்குகிறது. இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். என் தாயாருக்கும் அது இருந்தது. ஆயினும் பிறர் சுமத்திய வேலை வேறு. அறிவைக் கொண்டு நாமே தேர்ந்து கற்கும் தொழில் வேறு. இந்த வேறுபாட்டை நான் அறியாதிருந்ததால்தான் ஒரு மாணவனை இழந்தேன்.

நம் கடற்கரைக்கு வேடமும் முடியும் புதியன அல்ல. குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா விழாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நவராத்திரி நாட்களில் காளி, அரசன், குறவன், குரங்கு, காவலர் என எத்தனை வேடங்கள் இம்மாவட்டத்துத் தெருக்களில் நடமாடுகின்றன! காளி வேடத்திற்கு மட்டும் கிரீடம், சடைமுடி, கண்மடல், வீரப்பல், நெற்றிப்பட்டை எனப் பல உறுப்புகள் வேண்டும். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நடைபெறும் சூரசம்காரத்தில் மகிஷாசுரன் யானைத் தலை, சிங்கத் தலை, எருமைத் தலை என மாறி மாறி வருவதைக் காண்கிறோம். அத்தலைகளும் முடிகளும் தாமாக முளைத்தவை அல்லவே! எவரோ ஒருவர் அட்டையையும் தகரத்தையும் காகிதக்கூழையும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் கண்விழித்துச் செய்தவை. வேடம் கட்டியவரை வணங்குகிறோம். முடி செய்தவரை விசாரிப்பதில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன், தசரா நாட்களில், உடன்குடிப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் அந்த மாணவனைக் கண்டேன். ஆண்டில் பெரும்பகுதி உப்பளத்திலும், தசராவிற்கு முன் இரண்டு மாதம் முடி செய்வதிலும் காலம் கழிவதாகச் சொன்னார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் தகுதியுடையவனா என்று அன்று இரவு உறக்கமின்றி எண்ணினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தாள் முடி மழையில் நனைந்தால் போயிற்று, தகரம் நெற்றியை அறுக்கிறது. சினிமாக்காரர்கள் பிளாஸ்டிக்கில் செய்கிறார்களே, அது எப்படி சார்?" என்று கேட்டார். நான் வரலாறு படித்தவன், விடை தெரியவில்லை. எங்கள் அறிவியல் ஆசிரியரைக் கேட்டும், நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அம்முறைக்கு வெற்றிட அச்சு முறை என்று பெயர் சொல்லலாம். பட்டறைகளில் வேக்குவம் ஃபார்மிங் என்கிறார்கள். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் போர்த்தி, இடையிலுள்ள காற்றை உறிஞ்சிவிட்டால், தகடு அச்சைக் கவ்விக்கொண்டு அதன் உருவத்தையே பெறும். குளிர்பதனப் பெட்டியின் உட்சுவரும், பிஸ்கட்டுகளை அடுக்கும் தட்டும் இவ்வாறு செய்யப்படுபவையே.

தகட்டை அழுத்துவது எது? எந்திரம் உறிஞ்சுகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அழுத்துவது நம் தலைக்கு மேலுள்ள காற்று. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் காற்று ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையளவு அழுத்துகிறது. 40 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் உள்ள தகட்டின் பரப்பு 1600 சதுர சென்டிமீட்டர். கீழேயுள்ள காற்று முழுவதையும் நீக்கிவிட்டால், மேலேயுள்ள காற்று 1600 கிலோகிராம் எடையுடன் தகட்டை அமுக்கும். வீட்டுத் தூசி உறிஞ்சும் கருவியால் முழு வெற்றிடம் கிட்டாது; ஐந்தில் ஒரு பங்கே கிட்டினாலும் 300 கிலோவுக்கு மேல் ஆயிற்று. நான்கைந்து ஆட்கள் ஏறி நிற்பதற்கு ஒப்பாகும்!

இந்த அழுத்தத்தை நம் கடற்கரையார் ஏட்டுக்கல்விக்கு முன்பே அறிந்தவர்கள். கடலில் 10 மீட்டர் ஆழம் சென்றால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. கல்லைக் கட்டிக்கொண்டு முத்துப்பாரில் இறங்கியவர்களின் காதைப் பிளந்தது அந்த அழுத்தமே. இக்கரையில் 1961ஆம் ஆண்டோடு பெரிய முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. குளித்தவர்களின் செவி அறிந்ததை நாம் இன்று பாடநூலில் சமன்பாடாகப் படிக்கிறோம்.

இனிச் செய்முறையைக் கேளுங்கள்.

முதலாவது, அளவு. அணிபவரின் தலையைச் சுற்றியும், நெற்றியிலிருந்து பிடரிவரையும் அளந்து, அதற்குமேல் விரற்கடை இடம் விட்டு, முன்தோற்றம், பக்கத்தோற்றம் இரண்டையும் முழு அளவில் வரைந்துகொள்ள வேண்டும். வரைபடம் இல்லாத வேலை கணக்கில்லாத கடன்.

இரண்டாவது, சிற்பம். களிமண்ணில் கவசத்தின் உருவத்தைப் பிடிக்க வேண்டும். இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்தல் போதாது. கவராயத்தால் அளக்க வேண்டும். ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் கோணல் உடனே புலப்படும்.

மூன்றாவது, அச்சு. களிமண் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பலமுறை தாங்காது. ஆகவே களிமண் உருவின்மேல் பிளாஸ்டர் ஆப் பாரிஸ் ஊற்றிக் குழிவச்சு எடுத்து, அக்குழியில் மீண்டும் பிளாஸ்டர் வார்த்துப் புடைப்பச்சு எடுக்கிறார்கள். தகடு போர்த்தப்படுவது இந்தப் புடைப்பச்சின்மேல்தான். அச்சின் பக்கங்கள் செங்குத்தாக நிற்காமல், கீழே சற்றே அகன்று சாய்ந்திருக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து பாகைச் சாய்வு இருந்தால் தகடு எளிதில் கழலும். கீழ்நோக்கிக் குறுகினாலோ கழலாது. தலைக்கவசமோ கழுத்தருகே குறுகும் இயல்புடையது. ஆகவே அதனை முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சுகளாகப் பிரித்தே செய்கிறார்கள்.

இளைஞர்களே, இந்த வரியைப் படித்தபோது நான் நூலை மூடிவிட்டேன். 1999இல் பானையை உடைத்து அடிவாங்கிய பிள்ளை, எவரும் கற்பிக்காமல் கண்டுபிடித்தது இதைத்தானே! பொறியியல் நூலில் உள்ள ஒரு விதியை என் மாணவன் தானே கண்டறிந்து என் கண்முன் வைத்திருக்கிறான். நான் அவனிடம் பார்த்தது கணக்கு மதிப்பெண்ணை மட்டுமே.

நான்காவது, அச்சின் பள்ளமான இடங்களிலெல்லாம் ஊசி நுழையுமளவு துளைகள் இட வேண்டும். அங்கே காற்று தங்கிவிட்டால் கண்குழியும் வாய்வரையும் மழுங்கிப்போகும். துளை பெரிதாயின் அதன் வடுத் தகட்டில் பதியும். பிறகு, துளையிட்ட பலகையை மூடியாகக் கொண்ட, காற்றுப் புகாத பெட்டியின்மேல் அச்சை வைத்து, பெட்டியோடு உறிஞ்சும் குழாயை இணைக்க வேண்டும்.

ஐந்தாவது, தகடு. ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக் இதற்கு ஏற்றது. தகட்டை நாற்புறமும் சட்டத்தில் இறுக்கி, மேலிருந்து ஒரே சீராகச் சூடேற்ற வேண்டும். ஏறத்தாழ 150 பாகை செல்சியசைத் தாண்டும்போது தகடு நடுவில் தூளிபோல் தொய்யும். அதுவே பதம். உடனே அச்சின்மேல் இறக்கிக் காற்றை உறிஞ்சினால், சில நொடிகளில் உருவம் அமைந்துவிடும். ஈரம் ஏறிய தகட்டில் கொப்புளம் எழும். எனவே முன்கூட்டியே உலர்த்த வேண்டும்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகடு, நீண்டு இருமடங்கு பரப்பாக விரிந்தால், அதன் சராசரித் தடிப்பு 1.5 மில்லிமீட்டராகக் குறைந்துவிடும். மூலைகளில் இன்னும் மெலியும். ஆழமான உருவத்திற்கு எவ்வளவு தடித்த தகடு வாங்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லும். "கணக்கு வராது சார்" என்று ஒதுங்கிய என் மாணவர், இந்தக் கணக்கை ஒருமுறை கேட்டுவிட்டு மறுநாள் எனக்கே திருப்பிச் சொன்னார். தேவை வந்த இடத்தில் கணக்கும் வந்தது.

எச்சரிக்கை ஒன்று. காற்றோட்டமில்லாத அறையில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கக் கூடாது. பி.வி.சி. தகட்டைக் கருகவிட்டால் எழும் புகை நுரையீரலை அரிக்கும். வெட்டிய துண்டுகளைக் கடற்கரையில் வீசவும் கூடாது. மன்னார் வளைகுடா நமக்குச் சோறு போடும் கடல். ஏ.பி.எஸ். துண்டுகளை மீண்டும் உருக்கிப் பயன்படுத்தலாம். சேர்த்து வைத்துக் கொடுக்க வேண்டும்.

இனி அயல்நாட்டு வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். 1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் என்னும் ஆங்கிலப் படத்தில் வெள்ளைக் கவசம் அணிந்த வீரர்கள் வருவார்கள். ரால்ஃப் மெக்குவாரி என்னும் ஓவியர் அவ்வீரர்களின் தோற்றத்தைத் தீட்டினார். அதனைக் கொண்டு நிக் பெம்பர்ட்டன் என்பவர் தலைக்கவசத்தைக் களிமண்ணில் உருவாக்கினார். இலண்டனை அடுத்த டுவிக்கனத்தில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் 1976இன் தொடக்க மாதங்களில் அதனை வெற்றிட அச்சு முறையில் பிளாஸ்டிக்கில் செய்தார். இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் மாதிரிக்கு ஒப்புதல் அளித்தபின் 50 கவசங்கள் செய்து கொடுக்கப்பட்டன. அவையும் முன்பாதி, பின்பாதியாகவே அமைந்தவை. இணைந்த இடத்தைக் காதுப்பகுதி மூடி மறைக்கிறது. நம் பிள்ளை ஒட்டிய தங்கநிறப் பட்டை உங்கள் நினைவுக்கு வருகிறதல்லவா?

2004ஆம் ஆண்டு ஐன்ஸ்வொர்த் அக்கவசங்களைத் தாமே செய்து விற்கத் தொடங்கினார். லூகாசின் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2006இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. பின்னர் இங்கிலாந்தில் வழக்கு நடந்தது. அங்கே எழுந்த கேள்வி மிக நுட்பமானது: இக்கவசம் சிற்பமா, பயன்பொருளா? சிற்பமாயின் பதிப்புரிமை நெடுங்காலம் நீடிக்கும். 2008இல் உயர்நீதிமன்றமும், 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், இறுதியாக 2011 ஜூலை 27இல் உச்சநீதிமன்றமும் இது சிற்பமன்று, படத்திற்கு வேண்டிய உடையின் ஒரு பகுதியாகிய பயன்பொருள் என்றே முடிவு செய்தன. ஆகவே இங்கிலாந்தில் அவர் செய்து விற்பதற்குத் தடை எழவில்லை. ஆனால் அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியமைக்காக இங்கிலாந்து நீதிமன்றத்திலேயே அவர்மீது வழக்குத் தொடரலாம் என்றும் உச்சநீதிமன்றம் கூறிற்று. அவ்வகையில் அவருக்குத் தோல்வியே.

எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 1976இல் யார் வரைந்தார், யார் மண் பிடித்தார், யார் அச்சிட்டார் என்பதை முப்பது ஆண்டுகள் கழித்து நீதிபதி சாட்சிகளைக் கேட்டு ஆராய வேண்டியதாயிற்று. உரிமை யாருக்கு என்பது தொடக்கத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருந்தால் வழக்கின் பெரும்பகுதி எழுந்திராது. படித்த நாட்டினருக்கே இந்நிலையென்றால், கூலிச் சீட்டில் கைநாட்டு வைத்துப் பழகிய நம் நிலை என்ன?

நம் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் சிற்பத்தைக் கலைப்படைப்பாக ஏற்கிறது. வார்ப்புகளையும் மாதிரிகளையும் சிற்பத்தில் சேர்க்கிறது. ஆனால் அதன் 15ஆம் பிரிவு ஒன்று சொல்கிறது: வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல், உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் படியெடுத்துவிட்டால், அதன் பதிப்புரிமை அத்துடன் முடிந்துபோகும். ஐம்பத்தொன்றாவது கிரீடம் அச்சிலிருந்து கழலும்போது உரிமையும் கழன்றுவிடுகிறது! 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி முன்னரே பதிவு செய்துகொண்டால் 10 ஆண்டுகளும், புதுப்பித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. இதனை அறிந்தவன் முதலாளி ஆகலாம். அறியாதவன் தன் கைவண்ணத்தைக் கடையில் பிறர் பெயரில் பார்த்துப் பெருமூச்சு விடலாம்.

ஆகவே வரைபடத்தில் தேதியிட்டுக் கையெழுத்திடுங்கள். மண் உருவை ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்து வையுங்கள். கூலியையும் உரிமையையும் எழுதி வாங்குங்கள். கை உருவாக்கியதை எழுத்தே காக்கும்.

கையும் அறிவும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு நம் தூத்துக்குடியே சான்று. 1973இல் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர். உயிருள்ள சிப்பியின் உடலில் சிறு கீறலிட்டு, உருண்டையான ஒரு கருவையும் ஒரு துணுக்குத் திசுவையும் உள்ளே வைக்கிறார்கள். சிப்பி அதன்மேல் அடுக்கடுக்காய்ப் பூசுகிறது. கருவின் உருவம் எதுவோ அதுவே முத்தின் உருவம். அதுவும் ஓர் அச்சு முறையே. அதைச் செய்தவர்கள் பட்டம் பெற்ற அறிஞர்கள். ஆயினும் சிப்பி சாகாமல் காத்தது அவர்களுடைய விரல்.

திரையுலகிலும் இத்தொழிலுக்கு இடமுண்டு. 2010இல் வெளிவந்த எந்திரன் படத்தின் எந்திர உருவங்களுக்கு அமெரிக்காவின் லெகசி எஃபெக்ட்ஸ் பட்டறையை நாடினார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் அத்தகைய பட்டறைகளை இங்கே அமைக்கலாகாதா? சென்னை கிண்டியில் 1968இல் தோன்றிய சிப்பெட் நிறுவனத்தில், பத்தாம் வகுப்புத் தேறியவர்கள் சேரத்தக்க மூன்றாண்டுப் பட்டயப் படிப்புகள் இரண்டு உள்ளன: ஒன்று பிளாஸ்டிக் தொழில்நுட்பம், மற்றொன்று பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்பம். சிற்பம் கற்க விரும்புவோர்க்குச் சென்னையில் 1850இல் தொடங்கப்பெற்ற அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. விண்ணப்பம் எழுதத் துணை வேண்டுவோர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

என் மாணவரின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இருவரும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து, பழைய மரப்பெட்டி ஒன்றையும் தூசி உறிஞ்சும் கருவியையும் வைத்து ஒரு பொறி அமைத்தோம். முதல் தகடு நடுவில் மட்டும் சூடேறிக் கிழிந்தது. இரண்டாவது மடிப்பு விழுந்து கெட்டது. மூன்றாவதில் ஒரு கிரீடத்தின் முன்பாதி பிழையின்றி வந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பானை உடையவில்லை சார்" என்றார்.

அவர் இன்று இம்மண்டபத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொல்லி மேடைக்கு அழைக்கட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். அன்று கேளாமலே அவர் பெயரை விட்டேன். இன்று அவர் சொல்லக் கேட்டு விடுகிறேன். அவர் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். அச்சுத் தொழில்நுட்பப் பட்டயத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அவளே என்னிடம் வந்து சொன்னாள். கணக்கில் அவள் வகுப்பிலேயே முதல்.

கழகப் பொறுப்பாளர்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். நம் மாலை வகுப்புக் கட்டடத்தில் பூட்டிக் கிடக்கும் பின்னறையைப் பட்டறையாக்கித் தாருங்கள். எங்கள் பொறியை நான் கொண்டுவந்து வைக்கிறேன். கற்பிக்க அவர் இசைந்திருக்கிறார். இரண்டாவது, இனி நம் விழா எதுவாயினும், நடித்தவர் பெயரோடு முடி செய்தவர் பெயரையும், மேடை கட்டியவர் பெயரையும் அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் வகுப்பில் பானையை உடைத்த பிள்ளை எவனேனும் இருப்பான். அவனை அதட்டுவதற்கு முன், ஏன் உடைத்தாய் என்று ஒருமுறை கேளுங்கள்.